கிராம சபைக்கு இளைஞர்கள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ‘இளைஞர்களே, தவறாமல் வாக்களியுங்கள்’ என்ற வேண்டுகோள் நாலாபுறமிருந்தும் எழுகிறது. ஜனவரி 25 தேசிய வாக்காளர் நாளன்று கல்லூரிகளில் உறுதிமொழியும் எடுத்துக்கொள்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால், 18 வயதில் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியதுமே, யாருடைய சிபாரிசும் இல்லாமல் தாம் அந்த ஊராட்சியின் கிராம சபைக்கும் உறுப்பினராகிவிடுகிறோம் என்பதை அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஆள் அனுப்புகிறோம். கிராம சபையில் நாமே உட்காருகிறோம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தந்த உரிமை இது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு, எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எந்தத் திட்டத்துக்கு யார் பயனாளி என்பவையெல்லாம் அங்கேதான் வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற வேண்டும். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்குவோர், ஒடிசாவின் நியாம்கிரி மலையில் 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று ஒரே குரலில் மறுத்ததையும், அதன்பின் அத்திட்டத்துக்கு மத்திய அரசு அனுமதி மறுத்ததையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அலுவலரான பற்றாளராகப் பல கிராம சபைகளில் அமர்ந்திருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் கண்ட காட்சி ஒன்றுதான். சாமியானாவின் கீழ் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பை எட்டுவதற்காகவே அவர்கள் அழைத்து வரப்பட்டிருப்பார்கள். மக்கள் தொகை மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சியில் இருநூறு பேர் வந்தாக வேண்டுமே! ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருளை மூச்சு விடாமல் வாசிப்பார். கையெழுத்தும் கைரேகையும் வாங்கப்படும். டீ வந்ததும் கூட்டம் கலையத் தொடங்கும். இளைஞர்களோ, சாமியானாவுக்கு வெளியே வண்டியில் சாய்ந்தபடி கைப்பேசியில் காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

விதிவிலக்காக ஒருமுறை, கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும் என்றிருக்க, தொட்டியில் எழுதியிருக்கும் தேதி மூன்று மாதத்துக்கு முந்தையதாக இருக்கிறதே என்று கேட்டாள். ‘படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம், உட்காரு’ என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் அதட்டினார். அவள் உட்காரவில்லை, தான் கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னாள். எழுத வேண்டியதாயிற்று. அந்த வாரமே தொட்டி கழுவப்பட்டது.

அந்தப் பெரியவரின் குரலில்தான் சிக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது நமக்கு எளிது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் இடுப்பளவு நீரில் உணவுப் பொட்டலம் சுமந்தவர்கள் அவர்கள்தாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இரவு பகலாக அமர்ந்து சட்டத்தையே திருத்த வைத்தவர்களும் அவர்கள்தாம். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில், போட்டியிடத் தகுதியான குறைந்தபட்ச வயதான 21-ஐத் தொட்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராகவே வென்றார். ஆர்வம் இருக்கிறது. ஆனால், சொந்த ஊரில் வாயைத் திறந்தால் ‘நீ எந்தத் தெரு, யார் வீட்டுப் பையன்’ என்ற கேள்வி முதலில் வருகிறது. சில ஊர்களில் அந்தக் கேள்விக்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது. மெரினாவில் அதை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றாண்டுக்கும் மேலாக ஊராட்சிகள், அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தன. மறுபடியும் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போயிற்று. தலைவரும் வார்டு உறுப்பினரும் இல்லாத காலத்தில் மக்கள் நேராகக் கேள்வி கேட்க ஊருக்குள் எஞ்சியிருக்கும் மேடை கிராம சபை மட்டுமே என்பதால், இத்தகைய காலத்தில்தான் இளைஞர்கள் அங்கு கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தாத அரசுகள் இளைஞர்களின் அரசியல் ஆர்வத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, 2022 முதல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் ஆகியுள்ளன. முதல் நான்கும் விடுமுறை நாட்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வர வாய்ப்புண்டு. பின்னவை இரண்டும் அப்படியல்ல. வேலை நாளில் வரும்போது கூட்டத்தை மாலையில் வைப்பது குறித்து அரசு யோசிக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கோயில் குளத்தைத் தூர்வாரச் சொல்லும் கல்லூரிகள், தத்தம் ஊர் கிராம சபையில் கலந்துகொண்டு ஒரு பக்க அறிக்கை எழுதி வரவும் மாணவர்களைப் பணிக்கலாம். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிராம சபை போலவே பகுதி சபா இருக்கிறது. அது கூடுவது அந்தத் தெருவுக்கே தெரிவதில்லை என்பது வேறு கதை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கிராம சபை முடிந்த மறுநாள் அமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தின் படத்தை வெளியிடுகிறீர்கள். அதற்குப் பதிலாக, ஒரு வாரம் முன்னதாகவே அன்று விவாதிக்கப்படும் கூட்டப் பொருளை மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டால், கேள்வியோடு வர விரும்பும் இளைஞர்களுக்குத் தயாராக அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊரக வளர்ச்சித் துறை ஊழியர்,
திருவாரூர் மாவட்டம்.