சத்தம் போடும் ஏர் பம்பைக் கழற்றி எறிய வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில், வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெடுநாள் ஆசையாக, 2004ஆம் ஆண்டில் தயாரான, இரண்டு இருக்கை கொண்ட வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் புகைக்கட்டுப்பாட்டு ஏர் பம்ப் (ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் எஞ்சினின் புகை வழிக்குள் காற்று ஊதும் பம்ப்) சத்தம் போட ஆரம்பித்தபோது எனக்குச் சொல்லப்பட்ட யோசனையையும், அதைக் கேட்டு நான் செய்த தவறையும் பழைய கார் வைத்திருக்கும் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் மிக்ஸியில் கல் விழுந்து அரைபடுவதுபோல ஓர் இரைச்சல் எழும். ஒன்றரை நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பிறகு நாள் முழுக்க வராது. எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி வந்து, "ஐயா, வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய் மெயின் ரோட்டில் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டார். கூச்சமாகிவிட்டது. வண்டியைப் பார்த்த மெக்கானிக், "நம்ம ஊர் வெயிலுக்கு இந்தப் பம்பே வேண்டாம் சார், கழற்றிவிட்டு அடைத்துவிடலாம்" என்றார். நானும் சரி என்றேன். பம்ப் வெளியே வந்தது, துளையில் ஒரு தகடு ஏறியது, சத்தம் போயிற்று. அடுத்த வாரம் புகைச் சான்றிதழ் எடுத்தபோது அளவுகளும் பழைய சீட்டில் இருந்ததைப் போலவேதான் வந்தன. ஆனால் காற்றே அசையாத ஒரு விடியற்காலையில் வண்டியை எடுத்தபோது சந்து முழுக்கப் பச்சைப் பெட்ரோல் நெடி நிறைந்தது. அதே பெண் தன் வாசற்படியில் நின்று, குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றே அந்தப் பம்பைத் திரும்ப மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

மெக்கானிக் சொன்ன வெயில் கணக்கு தவறானது. குளிர்ந்த எஞ்சின் ஓட வேண்டுமானால் அதற்குப் பெட்ரோல் கூடுதலாகத் தரப்படுகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலும், ஒரு பகுதி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறுகிறது. இவற்றைச் சுத்தம் செய்ய வேண்டிய, புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். கத்திரி வெயிலிலும் இரவு முழுக்க நின்ற வண்டி 30 டிகிரியில்தானே இருக்கும்? அந்த இடைவெளியில்தான் ஏர் பம்ப், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துவாரங்களுக்குள் வெளிக்காற்றை ஊதி, எரியாத மிச்சத்தை அங்கேயே எரியவைத்து, அந்தச் சூட்டிலேயே கன்வெர்ட்டரையும் விரைவாகச் சூடேற்றுகிறது. ஐரோப்பாவில் முன்பு புதிய கார் மாடல்களுக்கான புகைச் சோதனையில் முதல் 40 நொடிப் புகை கணக்கில் சேராது. 2000ஆம் ஆண்டு யூரோ 3 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே அளக்க வேண்டியதாயிற்று. முதல் ஓரிரு நிமிடப் புகைக்கு அந்த நாடுகள் கொடுத்த மதிப்பு அது. நம் புகைச் சோதனையோ, சூடான எஞ்சினை ஐட்லிங்கில், அதாவது வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்படி விட்டு அளப்பது. அந்நேரம் பம்ப் எப்படியும் ஓடாது. அது இருக்கிறதா, இல்லையா என்பது அந்தச் சீட்டில் தெரிய வழியே இல்லை.

கழற்றி வைத்திருந்த பம்பைக் கையில் எடுத்துச் சாய்த்தபோது, கரி கலந்த கறுப்புத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி அளவு வழிந்தது. பேரிங் துருவேறி, விரலால் சுற்றினால் நறநறவென்றது. காற்று மட்டும் உறிஞ்சும் பம்புக்குள் தண்ணீர் எப்படி வந்தது? பம்புக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே ஒரு செக் வால்வு உண்டு. காற்றை உள்ளே விட்டு, புகையைத் திரும்ப வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. அது பழுதானால் ஈரமும் கரியுமான புகை பின்னோக்கிப் பம்புக்குள் போய், ஆறியதும் நீராகத் தங்கிவிடும். வால்வை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாற்றினால், பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் தேடி வாங்கியதாகட்டும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாகட்டும், அதுவும் சில மாதங்களில் அதே கதிக்கு வரும். இதைத்தான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் ஓடும்போது வால்வில் சொருகியிருக்கும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாய்க்கு எதிரே ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் படபடத்தாலோ கரி படிந்தாலோ வால்வு போய்விட்டது என்று அர்த்தம். சுற்றிலும் சூடாக இருக்கும், கையில் கவனம் வேண்டும். பம்ப் நல்ல நிலையிலும் ஓர் ஊளைச் சத்தம் தரும், கரகரப்புதான் நோய். உஸ்ஸென்று சீறினால் ஹோஸில் வெடிப்பு. பம்ப் நன்றாக இருந்து காரின் உடல் மட்டும் அதிர்ந்தால், தாங்கு ரப்பர்கள் இறுகிப்போயிருக்கும். சில நிமிடங்கள் கடந்தும் நிற்காமல் ஓடினால், பம்புக்கு மின்சாரத்தைத் தந்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயைப் பார்க்க வேண்டும். எனக்குப் புது வால்வும், பேரிங்கும், மூன்று ரப்பர்களும் போதுமாக இருந்தன. வால்வின் விலை புதுப் பம்பின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

இன்னும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தப் பம்ப் பெல்ட்டில் ஓடும். சத்தம் அதிலிருந்துதான் வருகிறதா என்று தெரிய, பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். தயவுசெய்து எண்ணெய் மட்டும் விடாதீர்கள். ஒருநாள் சத்தம் அடங்கும், பிறகு உள்ளே இருக்கும் கார்பன் பாகங்கள் கெட்டுப் பம்ப் முழுவதும் பாழாகும்.

தனியார் கார்களின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். அப்போது வண்டியை நேரில் பார்க்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள், தயாரிப்பாளர் பொருத்திய ஏர் பம்ப்பும் வால்வும் இடத்தில் இருக்கின்றனவா என்று பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு டார்ச் போதும், கருவி எதுவும் வேண்டாம். மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைப் புகையை ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருக்கும் எங்கள் பகுதி அலுவலகங்களில் இதை முதலில் தொடங்கினால் மிகவும் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.