காவல் வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் கைத்துப்பாக்கி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் இரவெல்லாம் சுற்றிவரும் தனியார் ஆயுதக் காவல் வண்டிகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கிறார்கள். 12 மணி நேரப் பணியில் பெரும்பகுதி அவர்கள் இருக்கையில்தான் கழிக்கிறார்கள். துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கக் கற்றுக்கொண்டதோ சுடுதிடலில், நின்றபடி. நிற்கும்போது தானாக இடுப்புக்குப் போகிற கை, உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டதும் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. இதைப் பற்றி நம் காவல் நிறுவனங்களும் காவலர் குடும்பங்களும் பேசியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். காவலர்கள் கைபேசியில் பார்த்துப் பழகும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். வலக்கைக்காரரான அந்த ஓட்டுநரின் துப்பாக்கி வண்டியின் நடுப்பக்கம், சீட் பெல்ட் பூட்டின் அருகே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். நம் ஓட்டுநரின் வல இடுப்பு கதவை ஒட்டி இருக்கிறது. பூட்டு இட இடுப்பில். அமெரிக்க ஓட்டுநருக்குச் சொல்லும் முறை நம் ஊரில் இடப்பக்கம் உட்காரும் துணைக்காவலருக்குத்தான் பொருந்தும். அதை அப்படியே பழகிய ஓட்டுநர், இருட்டில் இல்லாத இடத்தில் பூட்டைத் தேடுவார்.

ஓட்டுநரின் சிக்கல் இதுதான். பெல்ட் வலத் தோளுக்கு மேலிருந்து இறங்கி, மடியைக் கடந்து, வல இடுப்பின் கீழே இருக்கையின் ஓரத்தில் முடிகிறது. மடிப்பகுதிப் பட்டை துப்பாக்கியின் பிடிமேல் ஏறிக்கொண்டால் எடுக்கவே முடியாது. போடும்போதே பட்டை பிடிக்கு முன்னால், இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படியும்படி விட வேண்டும். வயிற்றின் மேல் ஏற்றிப் போடுவது தவறு. மோதலில் அது குடலை நசுக்கும். அவசரத்துக்கு உதவும் என்று பெல்ட்டே போடாமல் ஓட்டுவது அதைவிடத் தவறு. சாலை விதிகளின் 213ஆம் ஒழுங்குவிதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விதியை விட்டாலும், கண்ணாடியில் தலை மோதி மயங்கிய காவலருக்குத் துப்பாக்கி இருந்து என்ன பயன்?

அவிழ்க்கும்போது இன்னொரு சிக்கல். இடக்கையால் பூட்டை அழுத்தியதும் பெல்ட்டின் உலோக நாக்கு மடியைக் கடந்து வலப்பக்கம் பாய்கிறது. அதாவது துப்பாக்கி இருக்கும் பக்கமே போகிறது. வலக்கை அதற்குள் உறைக்குப் போயிருந்தால் முழங்கைக்குப் பின்னால் பட்டை வந்து தடுக்கும், அல்லது நாக்கு பிடியிலோ வானொலிக் கம்பியிலோ மாட்டும். ஆகவே நாக்கை அப்படியே விட்டுவிடக் கூடாது. இடக்கை அதைப் பிடித்தபடி மார்பைக் கடந்து வலத் தோள்வரை கொண்டுபோய்க் கதவுத் தூணின் பக்கம் விட வேண்டும். வலக்கை அதற்குப் பிறகே இறங்க வேண்டும். அப்போது உடம்பை ஒரு சாண் முன்னாலும் சற்று இடப்பக்கமும் சாய்த்து, வலப் பிட்டத்தை இருக்கையிலிருந்து தூக்கினால், பிடிக்கும் கதவுக்கும் நடுவே கை நுழைய இடம் கிடைக்கும். சாயாமல் கையை மட்டும் பின்னுக்கு இழுத்தால் முழங்கை தூணில் இடிக்கும். எடுத்த துப்பாக்கி விலாவை ஒட்டி மேலே மார்பளவுக்கு வந்து, பிறகே ஸ்டீயரிங்குக்கு மேலாக முன்னால் போக வேண்டும். இடுப்பிலேயே திருப்பினால் குழல் தன் தொடையை வருடிக்கொண்டு போகும். இடக்கை இந்த நேரத்தில் மார்பில் தட்டையாக இருக்கட்டும். ஸ்டீயரிங்கில் விட்டால் அதுவும் குழலுக்கு முன்னால் வரும். துப்பாக்கி இலக்கை நோக்கி நிற்கும்வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கி உடலின் பக்கவாட்டில் நீண்டிருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் இதை மீறிச் சுட்டால் முதலில் அடிபடுவது காவலரின் தொடைதான். அங்கே தொடையின் பெரிய தமனி ஓடுகிறது.

துணைக்காவலருக்கு எல்லாம் நேர் எதிர். பூட்டு அவருடைய வல இடுப்பில், உறையை உரசியபடி இருக்கிறது. பார்க்காமல் நாக்கைச் செருகும்போது சட்டை விளிம்பு உள்ளே மாட்டுகிறது. உறையின் பூட்டு பொத்தான் வகையாக இருந்தால் சீட் பெல்ட் பூட்டு அதை அழுத்திக்கொண்டே இருக்கவும் கூடும். பெல்ட் போட்டபின் ஒரு முறை குனிந்து கண்ணால் பார்ப்பது நல்லது. அவருக்கு ஒரு வசதி, அவிழ்த்த பட்டை இடப்பக்கம் விலகிப்போகிறது. அவருக்குள்ள ஆபத்து வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர். எடுத்ததும் குழல் தரையை நோக்கியே இருந்து, தன் தொடையைக் கடக்காமல் எழும்பி முன்பலகையை நோக்க வேண்டும்.

உறை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கும் மெல்லிய நைலான் உறை வண்டியில் வேலை செய்பவருக்கு ஆகாது. சில மாதம் இருக்கையில் அழுந்தினால் அதன் வாய் மடிந்து உள்ளே விழும். திரும்பச் செருகும்போது அந்த மடிப்பே விசையை இழுத்துவிடும். அந்தத் துப்பாக்கிக்கென்றே வார்த்த, விசைக்கூண்டை முழுதும் மூடும் கெட்டி உறை வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது ஒரே துப்பாக்கி கைமாறுகிற நிறுவனங்களில், துப்பாக்கியோடு அதற்குரிய உறையும் கைமாற வேண்டும். நீளத்தையும் கவனியுங்கள். நம் நாட்டில் செய்த இசட்88 போன்ற முழு அளவுப் பிஸ்டல் 20 செ.மீ.க்கு மேல் நீளம். உட்காரும்போது உறையின் அடி இருக்கையில் முட்டி, பிடியை விலாவுக்குள் தள்ளுகிறது. காவலர் அசௌகரியம் தாங்காமல் பெல்ட்டையே தளர்த்துகிறார், அல்லது துப்பாக்கியை எடுத்து வேறு எங்கோ வைக்கிறார். உறையைச் சற்று உயர்த்திப் பொருத்தி, இடுப்புப் பெல்ட்டைத் தடித்ததாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். பெல்ட்டுக்குள் செருகி மட்டும் நிற்கும் உறை, இழுக்கும்போது துப்பாக்கியோடு சேர்ந்தே வந்துவிடக் கூடும்.

குண்டு துளைக்காத உடுப்பையும் இதில் சேர்க்க வேண்டும். நிற்கும்போது பிடிக்கு மேலே நிற்கிற அதன் பக்கவிளிம்பு, உட்கார்ந்தால் பிடியின்மேல் வந்து கட்டைவிரலுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. மேல்மூடி உள்ள உறைகளில் அந்தக் கட்டைவிரல்தான் மூடியைத் தள்ள வேண்டும். உடுப்பின் பக்கப் பட்டைகளை உட்கார்ந்த நிலையில் சரிசெய்யாமல் யாரும் பணிக்குப் புறப்படக் கூடாது.

தொடையில் கட்டும் உறையை விரும்புகிறவர்கள் உண்டு. உட்கார்ந்திருப்பவருக்கு அது எளிதுதான். ஓடும்போது அது சுழன்று முன்னால் வருகிறது, வேலி தாண்டும்போது மாட்டுகிறது. நாள் முழுக்க வண்டியை விட்டு இறங்காதவருக்கு மட்டும் நான் அதைப் பரிந்துரைப்பேன். இட இடுப்பில் குறுக்காக வைப்பது ஓட்டுநருக்குக் கை எட்ட வசதி. எடுக்கும்போது குழல் துணைக்காவலரை நோக்கி வருகிறது. இருவர் போகும் வண்டியில் அது வேண்டாம்.

இனி, செய்யவே கூடாதவை. தொடைக்கு அடியில், கதவுப் பையில், கோப்பை வைக்கும் குழியில், பக்கத்து இருக்கையில் துப்பாக்கி வைப்பது. சடுதியில் பிரேக் போட்டால் அது பெடல்களுக்கு நடுவே ஓடுகிறது. இறங்கி ஓடும் அவசரத்தில் வண்டியிலேயே கிடக்கிறது. திரும்பி வந்தால் இல்லை. 2000ஆம் ஆண்டின் 60ஆம் சட்டமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையில் உடம்போடு இருக்க வேண்டும், அல்லது பை போன்ற ஒன்றில் இருக்க வேண்டும். இருக்கைமேல் வெறுமனே கிடக்க அதில் இடமில்லை. தொலைந்தது தெரிந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லாததும் குற்றம். தகுந்த காரணமின்றி ஒருவரை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவதும் அதே சட்டத்தின் 120ஆம் பிரிவில் குற்றம்தான். ரோபோவில், அதாவது போக்குவரத்து விளக்கில், நிற்கும்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார் என்பதற்காக மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறவர் இதை நினைவில் வைக்கட்டும்.

வண்டி நகர வழி இருக்கும்வரை ஓட்டுநர் துப்பாக்கியைத் தொடத் தேவையில்லை. ரோபோவில் நிறுத்தும்போது முன் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு இடம் விட்டால், பின்னால் போகாமலே திரும்பி விலக முடியும்.

திரும்ப உறையில் வைப்பதுதான் இதில் மிக ஆபத்தான வேலை. அதற்குத்தான் மிகக் குறைந்த பயிற்சி. ஆபத்து நீங்கிய பிறகு அவசரம் ஏதும் இல்லை. இறங்கி நின்று, சட்டையையும் வானொலிக் கம்பியையும் இடக்கையால் விலக்கி, உறையின் வாயைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வைக்க வேண்டும். இறங்க வழியில்லை என்றால் இடுப்பைத் தூக்கி, பார்த்தபடி வைக்க வேண்டும். ஏதாவது தடுத்தால் அழுத்தக் கூடாது. வெளியே எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இவை எதற்கும் பெரிய செலவில்லை. வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, தோட்டாக்களை எல்லாம் வண்டிக்கு வெளியே வேறொருவர் வசம் கொடுத்து, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று இருவர் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு பழகலாம். நீல நிறப் பிளாஸ்டிக் போலித் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது. பணியில் போடும் அதே உடுப்பு, அதே ஜாக்கெட், அதே வண்டி வேண்டும். ஒவ்வொரு இருக்கையிலும் மெதுவாகப் பத்து முறை, வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல். பின்னிருக்கையில் ஒருவர் உட்கார்ந்து குழல் எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் சொல்லட்டும். 123515 என்ற எண்ணுள்ள தொழில்முறைக் கைத்துப்பாக்கித் தேர்ச்சியை முடித்தவர்களே முதல் பத்து முறையில் தங்கள் முழங்காலை இரண்டு மூன்று தடவை குறிபார்த்துவிடுகிறார்கள்.

ஈஸ்டர் நாட்களில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டத்துக்கு நடுவே காவல் வண்டிகள் நிற்கும். கண்ணாடியை ஒட்டிக் குழந்தைகள் நடக்கிற இடம் அது. அங்கே பணிக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும், அவர்களை அழைக்கும் கோயில் நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அனுப்பப்படும் காவலர் கடைசியாக எப்போது வண்டிக்குள் உட்கார்ந்து பழகினார் என்று பதிவேட்டில் ஒரு வரி இருக்கட்டும். சுடுதிடலில் நின்று சுட்ட நாளை எழுதும் அதே பக்கத்திலேயே அதற்கும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
துப்பாக்கிப் பயிற்றுநர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.