சோழிங்கநல்லூரின் தேர்தல் கணக்கு

ஆசிரியருக்கு,

புறநகர்த் தொகுதிகளில் வாக்குப்பதிவு குறைவது பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். 2008 தொகுதி மறுசீரமைப்பில் (எல்லை மறுவரையறையில்) உருவான சென்னைப் புறநகர்த் தொகுதியான சோழிங்கநல்லூர், 2011-இல் அ.தி.மு.க.வையும் 2016, 2021-இல் தி.மு.க.வையும் தேர்ந்தெடுத்தது. இதை வெறும் கட்சி மாற்றமாகப் படிப்பது அவசரம். இங்கு வாக்காளர்களே மாறிக்கொண்டிருக்கிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லை வகுக்கப்பட்ட இத்தொகுதியில் 2021-இல் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள், மாநிலத்திலேயே அதிகம். சென்னையின் துறைமுகம் தொகுதியில் அப்போது 2 லட்சம்கூட இல்லை. பேரவையில் இரண்டுக்கும் ஆளுக்கொரு இருக்கைதான்!

சோழிங்கநல்லூர் தொகுதியில் உள்ள மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் பலருக்கு வாக்கு இன்னும் சொந்த ஊரில்தான். தேர்தலுக்கு முந்தைய இரவே பேருந்து ஏறிவிடுவார்கள். மறுநாள் தொலைக்காட்சியில், இங்கு வாக்குப்பதிவு குறைந்ததற்குப் 'படித்தவர்களின் அலட்சியம்' காரணம் என்று விவாதம் நடக்கும். தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளுடன், இரு தேர்தல்களுக்கு இடையே அச்சாவடியில் சேர்க்கப்பட்ட, நீக்கப்பட்ட பெயர்களின் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில், தமிழில் வெளியிட வேண்டும். அடுத்த மறுசீரமைப்புக்கு முன்பே இது நடப்பது நல்லது.

- வாசகர், மேடவாக்கம்