சிகானோவின் நால்வர்

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பேத்தி பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வீட்டில் எந்நேரமும் பரீட்சைப் பேச்சுதான். மற்றபடி விசேஷம் இல்லை.

வாத்தியார் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இசைத்தட்டுக் கேட்பதையே விட்டுவிட்டோம், அவர் நாற்காலி கண்ணில் பட்டால் கேட்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் நான்கு நாள் இருந்தேன். பிறகு பரணில் இருந்த மெலோதியா என்ற சோவியத் நிறுவனத்தின் தட்டுகளை இறக்கித் துடைத்தேன். சோவியத் புத்தகக் கண்காட்சியில் நாம் நான்கு பேரும் காசு சேர்த்து வாங்கினோமே, பீத்தோவன் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவின் தட்டுகள், அவைதான். வாத்தியார் எத்தனை முறை போடச் சொல்லியிருப்பார்! அந்த நால்வரின் கதையைத்தான் உனக்கு எழுதப் போகிறேன். பாதி உனக்குத் தெரியும். பரவாயில்லை, படி.

1923-இல் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் படித்த நான்கு இளைஞர்கள் சேர்ந்த குழு அது. முதல் வயலின் திமித்ரி சிகானோவ், இரண்டாவது வயலின் வசீலி ஷிரின்ஸ்கி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வதீம் பரிசோவ்ஸ்கி, இன்னும் பெரிய செல்லோ செர்கேய் ஷிரின்ஸ்கி. சரத்தோவ் நகரத்துக்காரரான சிகானோவுக்கு அப்போது வயது இருபது. பீத்தோவன் பெயர் 1931-இல்தான் வந்தது. அதே நான்கு பேர் நாற்பது வருஷம் ஒன்றாக வாசித்தார்கள் என்பதை நினைத்துப் பார். ஸ்டாலின் காலம், போர்க்காலம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் அவர்களோடு நெருங்கியது 1940-இல். நாங்களும் நீங்களும் சேர்ந்து வாசிக்க ஒன்று எழுதித் தாருங்கள் என்று இவர்கள் கேட்க, அவர் பியானோவும் இந்த நால்வரும் சேரும் பியானோ குவின்டெட்டை எழுதினார். அந்த நவம்பரில் மாஸ்கோவில் அவரே பியானோவில் உட்கார்ந்து இவர்களோடு அரங்கேற்றினார். அன்றிலிருந்து அவருடைய குவார்ட்டெட்டுகள், அதாவது நால்வர் வாசிக்க எழுதிய படைப்புகள், இவர்கள் கையில்தான் முதலில் ஒலித்தன. பதினைந்தில் முதலும் கடைசியும் போக மற்ற பதின்மூன்றும் இவர்கள் அரங்கேற்றியவை. நான்காவதை அவர் எழுதியது 1949-இல். அதற்கு முந்தைய வருஷம்தான் அவர் இசையைக் கம்யூனிஸ்ட் கட்சி பகிரங்கமாகக் கண்டித்திருந்தது. ஸ்டாலின் இறந்த பிறகு, 1953 டிசம்பரில்தான் அது மேடை ஏறியது. நான்கு வருஷம் அந்தத் தாள்கள் வெளியே வராமல் கிடந்தன.

சிகானோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போரடீன் குவார்ட்டெட் என்ற இன்னொரு சோவியத் குழுவின் மெருகு இவர்களிடம் இல்லை என்பார்கள். உண்மைதான், தட்டில் சில இடங்களில் சுருதிகூடக் கொஞ்சம் நழுவுகிறது. ஆனாலும் எனக்கு இவர்கள்தான். சிகானோவ் வில்லை இழைத்து இழைத்துக் கண்ணீர் வரவழைக்க மாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், நமக்குத்தான் நெஞ்சு அடைக்கும். தன் வயலின் மற்ற மூன்றுக்கும் மேலே மிதக்க வேண்டும் என்ற ஆசையும் அவரிடம் இல்லை. தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்வார், நினைவிருக்கிறதா?

இப்போது நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். 1964-இல் பரிசோவ்ஸ்கி வாசிப்பதிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய மாணவர் ஃபியோதர் துருஷீனின் அந்த இடத்துக்கு வந்தார். மறுவருஷம் வசீலி ஷிரின்ஸ்கி இறந்துபோனார். அத்தோடு குழுவைக் கலைத்திருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கலைக்கவில்லை. நிக்கொலாய் சபாவ்னிகோவ் இரண்டாவது வயலினுக்கு வந்தார்.

1966 தொடக்கத்தில் ஷோஸ்தகோவிச் பதினோராவது குவார்ட்டெட்டை எழுதி வசீலியின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். சிறியதுதான், பதினேழு நிமிஷம் இருக்கும். ஏழு பகுதிகள் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடும். நடுவில் ஓரிடத்தில் இரண்டாவது வயலின் இரண்டே சுரங்களைக் குயில் கூவுவது போலத் திரும்பத் திரும்ப வாசிக்கும். மற்ற மூவரும் அதைச் சுற்றி என்னென்னவோ செய்வார்கள், அது மட்டும் விடாது. போனவர் வாசித்திருக்க வேண்டியதை, அவர் இடத்துக்கு வந்தவர் வாசித்தார். அந்த மேடையில் சபாவ்னிகோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன்.

மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று வந்தது. பன்னிரண்டாவது சிகானோவுக்கு. அவருடைய 65-ஆவது பிறந்தநாளை ஒட்டி, 1968 மார்ச்சில் முடித்தது. பன்னிரண்டு சுரங்களையும் வரிசையாக அடுக்கிச் செல்லோ தொடங்கும். இதென்ன புது வழி என்று சிகானோவ் கேட்டதற்கு, மொசார்ட்டிடமே இப்படி இருக்கிறதே என்றாராம் ஷோஸ்தகோவிச். அதில் முதல் வயலின் வில்லை விட்டுவிட்டு விரலால் தந்திகளைச் சுண்டுகிற இடம் வரும். அதைக் கேட்டால் நான் எங்கிருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். பதின்மூன்றாவது பரிசோவ்ஸ்கிக்கு. அதில் வில்லின் கட்டையால் வாத்தியத்தின் உடம்பையே தட்டச் சொல்லியிருக்கிறார். இருட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். ஆனால் அரங்கேற்றத்தில் வயோலா வாசித்தது துருஷீனின். குருவுக்கான காணிக்கையைச் சிஷ்யன் வாசித்தான். பதினான்காவது செர்கேய் ஷிரின்ஸ்கிக்கு. ஷோஸ்தகோவிச்சின் ஓபரா என்னும் இசை நாடகம் ஒன்றில் நாயகி காத்தரீனா தன் காதலன் செர்கேயைச் செல்லமாகப் பெயர் சொல்லி அழைக்கும் மெட்டை இதன் கடைசிப் பகுதியில் வைத்துவிட்டார். நண்பனுக்கு இப்படிப் பரிசு கொடுக்க யாருக்குத் தோன்றும்!

1974 அக்டோபர். பதினைந்தாவதற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது செர்கேய் ஷிரின்ஸ்கி இறந்துவிட்டார். அதனால் அதை நவம்பரில் லெனின்கிராடில் தனயெவ் குவார்ட்டெட் என்ற வேறொரு குழு அரங்கேற்றியது. பழைய நால்வரில் மேடையில் மிச்சம் இருந்தவர் சிகானோவ் ஒருவர்தான், வயது எழுபத்தொன்று. அவர் என்ன செய்தார் தெரியுமா? யெவ்கேனி அல்த்மன் என்ற செல்லோக்காரரைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஜனவரியில் மாஸ்கோவில் அதே பதினைந்தாவதை வாசித்தார். ஆறு பகுதிகள், ஆறும் மெதுவான விளம்ப காலம். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் குழுவில் இருந்தார்.

ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் பழைய ஒலி திரும்ப வராது. சிகானோவின் காதுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

வாத்தியாரின் பேரன் இரண்டு முறை வந்து, தாத்தா கேட்ட தட்டுகளைக் கேட்கலாமா என்று விசாரித்தான், ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. அடுத்த ஞாயிறு அவனைக் கூப்பிடு. அந்த நாற்காலியிலேயே உட்காரட்டும். முதலில் பதினோராவதைப் போடு, உன்னிடம் இருக்கிற தட்டில் இரண்டாவது பக்கம். ஊசி தேய்ந்திருக்கும், மாற்றிவிடு. மீதித் தட்டுகளைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

முழங்காலைக் கவனித்துக்கொள். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்