வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்

நாள்: 09.06.2025

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறந்து ஒரு வாரமாகிறது. பாடப்புத்தகமெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இது வேறு விஷயம், வாய்க்காலில் கிடக்கும் பழைய மாஸ்க்குகளைப் பற்றியது. வருகிற 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறக்கிறார்கள். கல்லணை தாண்டி நம் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர அதிக நாள் ஆகாது.

போன வெள்ளிக்கிழமை மாலை மதகுப் பக்கம் போயிருந்தேன். காய்ந்த சேற்றில் ஒரு நீல மாஸ்க் பாதி புதைந்து கிடந்தது. காதுக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு கையோடு வந்தது, மாஸ்க் வரவில்லை. மூக்குக் கம்பி துருவேறியிருந்தது. விரலில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியது, ஊதினால் பறந்தது. அங்கேயே இன்னும் ஏழெட்டு கிடந்தன.

பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அது துணியில்லை. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். யூரியா சாக்கும் அதே சரக்குதான். வரப்பில் ஒரு கோடை முழுக்க வெயிலில் கிடந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, தொட்ட இடமெல்லாம் உதிரும். மாஸ்க்கின் நடு அடுக்கு இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கிருமியைத் தடுப்பது அந்த அடுக்குதான், வெயிலில் எளிதாக நொறுங்குவதும் அதுதான். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். தண்ணீர் வந்தால் முதலில் மிதக்கும். பாசியும் மண்ணும் ஏறியபின் அடியில் தங்கும். வயலுக்கும் போகும், மீன் வயிற்றுக்கும் போகும்.

எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரு புது மாஸ்க்கைப் பாட்டில் தண்ணீரில் போட்டுப் பிள்ளைகளைக் குலுக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரைக் கறுப்புத் துணியில் வடிகட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாய் இழைகள். "வெயிலே படலையே சார், அப்பவே இவ்வளவா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

இதில் என் தவறும் உண்டு. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது மாஸ்க் இல்லாத பிள்ளைகளை வாசலில் நிறுத்தி, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தவன் நான். கழற்றியதை எங்கே போடுவது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது மறுபடி கொரோனா செய்தி வருகிறது. சிலர் மாஸ்க் போட்டு அனுப்புகிறீர்கள். அனுப்புங்கள், தவறே இல்லை. மருத்துவர் சொன்னால் சர்ஜிக்கல் மாஸ்க். மற்றபடி துவைத்துப் போடும் பருத்தி மாஸ்க் போதும். கதிரடிக்கும்போது தூசுக்குக் கட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், துண்டே நல்லது. பயன்படுத்தியதைக் காகிதப் பையில் போட்டு மூன்று நாள் தனியே வைத்து, மாஸ்க்கை வெட்டி, தூய்மைக் காவலரிடம் மக்காத குப்பையோடு கொடுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே சொன்ன முறை இது. கொல்லையில் போட்டு எரிக்க வேண்டாம்.

புதன்கிழமை, 11-ஆம் தேதி மாலை 4 மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் ஆசிரியர்களும் மதகடியில் கூடுகிறோம். பெரியவர்கள் மட்டும் வாருங்கள், பிள்ளைகளை வாய்க்காலில் இறக்க மாட்டோம். கையுறை பள்ளியில் இருக்கிறது. ஆளுக்கொரு சாக்கு கொண்டுவந்தால் உதவி. வெயிலில் கிடந்த பழைய சாக்கு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்