ரோகிணிக்குப் பின்னால் ஒரு முகில்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "இதில் விண்மீன் எங்கே இருக்கிறது, அம்மா?" என்று கேட்டிருந்தாய். அந்தப் படத்தில் விண்மீன் தெரியவே இல்லை என்பதுதான் விடை. எல்1527 என்னும் அந்த இளங்கரு, அதாவது இன்னும் விண்மீனாகாத வாயுத் திரள், உடுக்கை வடிவ ஒளியின் இடுங்கிய நடுப்பகுதியில் ஒளிந்திருக்கிறது. அங்கே குறுக்காக ஓடும் மெல்லிய கரும்பட்டை, கருவைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டு. அது நமக்குத் தன் விளிம்பைக் காட்டி நிற்பதால் கோடாகத் தெரிகிறது. கருவிலிருந்து மேலும் கீழும் பீறிடும் வாயு, அதைச் சூழ்ந்த தூசும் வாயுவும் கலந்த முகிலைக் குடைந்திருக்கிறது. அந்தக் குடைவுகளின் வழியே கசியும் ஒளிதான் நீ வியந்த நிறங்கள். தூசு மெலிந்த இடம் நீலம், அடர்ந்த இடம் ஆரஞ்சு. ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு வயதுடைய அந்தக் கருவில், விண்மீன்களை ஒளிரவைக்கும் ஹைட்ரஜன் அணுக்களின் இணைவு இன்னும் தொடங்கவில்லை. வாயு அதன் மேல் விழுவதாலும் அது சுருங்குவதாலும்தான் ஒளிர்கிறது.

இவ்வளவு சூடான பொருள் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த முகிலில் பிறப்பது உனக்கு முரணாகத் தோன்றலாம். குளிர்ந்த வாயுவில் அழுத்தம் குறைவு என்பதால்தான் ஈர்ப்பு அங்கே வெல்கிறது. ஆனால் அந்தக் குளிரில், முகிலின் பெரும்பகுதியான ஹைட்ரஜன் மூலக்கூறு ஏறக்குறைய எந்த ஒளியையும் உமிழ்வதில்லை. ஆகவே அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடை, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில், வானொலித் தொலைநோக்கிகள் தேடுகின்றன. 1970இல் ஓரியன் முகிலில் அது முதன்முதலாகக் கிடைத்தது.

என்னைக் கேட்டால், வெப்பின் படத்தைவிட 2014இல் சிலியின் அல்மா தொலைநோக்கி எடுத்த, எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீனின் படமே மேல், அழகில் குறைந்ததுதான் என்றாலும். நீராவி மில்லிமீட்டர் அலைகளை விழுங்கிவிடும் என்பதால் 5,000 மீட்டர் உயரத்து வறண்ட பீடபூமியில் அமைத்த ஆண்டெனாக்களை, 15 கிலோமீட்டர் வரை பரப்பி வைத்து எடுத்த படம் அது. பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவான வயதுடைய விண்மீனைச் சுற்றி, தட்டில் வரிசையாகக் கரும் இடைவெளிகள் தெரிந்தன; உருவாகும் கோள்கள் தம் பாதையைத் துடைத்ததுபோல. கோள்கள் அவ்வளவு சீக்கிரம் உருவாகத் தொடங்கிவிடுமா என்று வானியலாளர்கள் தம் கணக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. டிசம்பர் இரவில் ரோகிணியைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்: அது 65 ஒளியாண்டுத் தொலைவில் இருக்க, எச்.எல். டாரி அதற்கு வெகு அருகில் தோன்றினாலும் 450 ஒளியாண்டுகள் அப்பால் இருக்கிறது.

விண்மீன் பிறப்பின் மாற்றங்களை ஒரு மனித ஆயுளில் காண முடியாது என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். அதற்கு ஒரு விலக்கு உண்டு. மிருகசீரிடத்துக்குப் பக்கத்தில், எஃப்.யு. ஓரியோனிஸ் என்னும் மங்கலான இளம் விண்மீன், 1936-37இல் ஒரே ஆண்டுக்குள் நூறு மடங்குக்கும் மேலாகப் பிரகாசமடைந்தது. தட்டிலிருந்த வாயு ஒரேயடியாக அதன் மேல் கொட்டத் தொடங்கியதே காரணம் என்பது இன்றைய விளக்கம். அந்தப் பிரகாசம் இன்றும் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

அன்புடன்,
அம்மா