அபராதக் கணக்கையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டவிரோத மீன்பிடிப்பு பற்றிச் சென்ற வாரம் தாங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். 'மீனவர்கள் முதலில் சட்டத்தை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று முடித்திருந்தீர்கள். சரி, கற்றுக்கொள்கிறோம். ஆனால் மேலே போட்டிருந்த படத்தில் இரண்டு பேர் ஃபைபர் படகில் நின்று கவலை மீன் பிடிக்கும் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் சட்டவிரோதமாக என்ன இருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி (இழுவலை) இழுக்கக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர்களை நினைத்துத்தான் அந்த இடத்தை ஒதுக்கின. போன மாசி மாதம் என் வீட்டுக்காரர் அந்த இடத்தில்தான் வலை விட்டிருந்தார். நடுராத்திரிக்கு மேல் விளக்கை அணைத்துக்கொண்டு வந்த விசைப்படகு ஒன்று வலையோடு சேர்த்து இழுத்துப் போய்விட்டது. விடிந்து படகு கரையேறியபோது நானும் போய்ப் பார்த்தேன். நாலைந்து மிதவையும் பிய்ந்த மேல்கயிறும்தான் மிஞ்சியிருந்தன. ஈயக்குண்டு கட்டிய அடிக்கயிறு மொத்தமும் போச்சு. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கட்டிய வலை அது. இன்றைக்கும் எங்கள் மீனை அவர் சொல்லும் விலைக்குத்தான் போடுகிறோம்.

புகார் கொடுக்கப் போனோம். 'படகு நம்பர் என்ன?' என்றார் அங்கிருந்த அலுவலர். இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு வருகிறவன் நம்பரை நீட்டிக் காட்டிவிட்டா போவான்? 'போட்டோ ஏதாவது எடுத்தீர்களா?' என்று அடுத்த கேள்வி. வலையைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, மரியாதையாகப் பேசச் சொன்னார்கள். அந்த மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

எங்களிடம் மட்டும் சட்டம் சரியாக வேலை செய்கிறது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு எல்லோருக்கும் பயோமெட்ரிக் அட்டை கொடுத்தார்கள். வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. அட்டை நனைந்துவிடும் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போன என் கொழுந்தனாரை ரோந்துப் படகு நிறுத்தி, வெயில் ஏறும் வரை விசாரித்தது. ஐஸ் உருகி மீன் நைந்து, அன்றைக்கு நான் கூடையில் எடுத்துப் போனதைப் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை.

கடல் வளம் என்று எழுதியிருந்தீர்கள். என் தாய்வீடு உப்பனாற்றங்கரை. என் அம்மா முட்டியளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்தவர். ஆற்றங்கரையில் கெமிக்கல் கம்பெனிகள் வந்த பிறகு அந்த இறாலும் இல்லை, அந்தத் தொழிலும் இல்லை. அதற்கு யாரைச் சட்டம் கற்றுக்கொள்ளச் சொல்வது என்று தலையங்கத்தில் தேடிப் பார்த்தேன், அதுவும் கிடைக்கவில்லை.

அப்புறம் சுருக்குமடி. மீன் கூட்டத்தையே வளைத்து, அடியைச் சுருக்கி அள்ளும் பெரிய வலை. 2000-ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு தடை செய்த வலை. தடைக்குப் பிறகுதான் அதற்கென்று பெரிய படகுகள் எங்கள் கரையோரத்தில் எல்லோர் கண் எதிரிலும் கட்டப்பட்டன. அன்றைக்குத் தடுக்கவில்லை. கட்டி, கடன்பட்டு, கடலில் இறங்கிய பிறகு சட்டம் பேசினால் ஊருக்கும் ஊருக்கும் சண்டை வராமல் என்ன செய்யும்? 2021-இல் புதுச்சேரி மீனவ ஊர்களான நல்லவாட்டுக்கும் வீராம்பட்டினத்துக்கும் நடந்த மோதலில் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டதைத் தாங்களும் செய்தியாகப் போட்டீர்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுருக்குமடியை அனுமதித்து இடைக்கால உத்தரவு போட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை. தீர்ப்பைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த மைலையும் மணியையும் நடுக்கடலில் அளப்பது யார் என்றுதான் கேட்கிறேன். ஒரே மடியில் டன் கணக்கில் கவலை மீன் கரைக்கு வரும் நாளில் என் கூடை மீனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று சந்தைக்கு வந்து பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் 8,000 ரூபாய். ஒரு நாளைக்கு 131 ரூபாய். அதையும் 'மீனவர்களுக்கு அரசு வாரி வழங்கியது' என்று ஒருமுறை எழுதினீர்கள். அதை மறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 5 கடல் மைலுக்குள் வந்த விசைப்படகுகளில் எத்தனைக்கு அபராதம் போட்டார்கள், எவ்வளவு வசூலித்தார்கள் என்று உங்கள் நிருபரை மாதம் ஒருமுறை மீன்வளத்துறையில் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். தங்கம் விலை போடும் பக்கத்தில் நாலு வரி இடம் இருந்தால் போதும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. எல்லை தாண்டி வந்தவன் எந்த மாநிலத்துக்காரன் என்று இரண்டு பக்கத்து அலுவலகமும் எங்களைத்தான் மாறி மாறி அனுப்புகின்றன.

என் பெயரைத் தயவுசெய்து அச்சிட வேண்டாம். சுருக்குமடிக்காரர்களிலும் எனக்குச் சம்பந்தி வீடு உண்டு.

இப்படிக்கு,
வாசகி, மீன் வியாபாரி,
தாழங்குடா, கடலூர்.